ஆடை கட்டாத பெயிண்ட்

“அந்தக் கருமம் புடிச்ச டப்பாவத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னா கேக்குறீகளா?”

ஞாயித்துக்கிழமை காலையில புவனேஸ்வரி போடுற சத்தம் தெருவுக்கே பழக்கம்.

புருசன் கண்ணுசாமி காதுலயே வாங்கல. ஸ்க்ரூடிரைவரால பெயிண்ட் டப்பா மூடிய நெம்பித் திறந்தாரு. வாய்க்குள்ள என்னமோ முனங்கிக்கிட்டே குச்சிய விட்டுக் கிண்டுனாரு. மேலாப்புல கொஞ்சம் டர்பன்டைன் ஊத்தி, பாலித்தீன் தாள் போட்டு, மூடிய இறுக்கித் தலகீழாக் கவுத்து வச்சாரு.

அவுக வீட்டு கேட்டுல ஒரு கதவு நீலம். இன்னொண்ணு துரு.

மூணு வருசத்துக்கு முன்ன மகன் ஆனந்த்ராஜ் அடிக்க ஆரம்பிச்சது. “பச்சை வாங்கிட்டு வாடான்னா நீலத்த வாங்கிட்டு வந்து நிக்கிறான், தண்டச்சோறு”ன்னு நடுத்தெருவுல வச்சுக் கத்துனாரு அப்பா. மகன் பிரஷ்ஷப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டான். அம்மா கூப்பிட்டாலும் போன எடுக்குறதில்ல.

பக்கத்து வீட்டு மலர்விழிக்குப் பொறுக்கல.

“ஏக்கா, அந்த மனுசன் மிச்சப் பெயிண்ட மகனுக்காகப் பொத்திப் பொத்தி வச்சிருக்காரு. பெத்தவ நீ, கல்லு மாதிரிப் பேசுற?”

“கல்லாவே இருந்துட்டுப் போறேன். நீ போயி உஞ்சோலியப் பாரு.”

மறுநாள் கண்ணுசாமி, நாசர் பெயிண்ட் கடைக்கு டர்பன்டைன் வாங்கப் போனாரு.

“மூணு வருசம் பாய்! மேல பாலாடை மாதிரி ஒரு ஆடை கட்டணுமே? உங்க கடையில புது டப்பாவே கட்டியாக் கெடக்கு. எல்லாம் கைப்பக்குவம்.”

“யாருக்காகண்ணே இம்புட்டுப் பக்குவம்?”

“யாருக்குமில்ல. காசு குடுத்து வாங்குன பொருளு, வீணாக்கக் கூடாதுல்ல.”

வெடுக்குனு பாட்டில வாங்கிட்டுக் கெளம்பிட்டாரு.

அவரு தல மறைஞ்சதும் எதிர்த்த டீக்கடை ஓரமா நின்ன புவனேஸ்வரி கடைக்குள்ள வந்துச்சு.

“பாய், அதே நீலம். அரை லிட்டரு.”

“மறுபடியுமாம்மா?”

“ஓரத்துல ஆடை கட்ட ஆரம்பிச்சிருச்சு. அவரு கண்ணுக்கு இன்னும் தெரியல. அடுத்த ஞாயித்துக்குள்ள பழச வழிச்சுட்டு, அதே டப்பாவுல இத ஊத்திரணும்.”

நாசருக்குச் சிரிப்பு வந்துச்சு.

“வீட்ல தூக்கிப் போடச் சொல்லி சத்தம் போடுறியாமே?”

“போடலேன்னா சந்தேகம் வந்துராதா?”

“ஏம்மா, டர்பன்டைன் ஊத்துறதெல்லாம் சரிதான். வாராவாரம் திறந்தா காத்துப் பட்டு ஆடை கட்டத்தான செய்யும்? திறக்காம வச்சாலே போதும். நான் வேணா அவருகிட்ட சொல்லட்டா?”

“சொல்லிராதீக பாய்!”

புவனேஸ்வரி பதறிப் போயி கையப் புடிக்காத குறை.

“திறந்துட்டே இருக்கட்டும். நான் எம் புள்ள பேர எடுத்தா சோத்துத் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அந்த மூடியத் திறக்கையில மட்டுந்தான் பாய், ‘ஆனந்து வந்து அடிப்பான்’னு அவரு வாயால வருது.”