ஓஸ்லோக்காரி

லண்டனிலிருந்து வந்து இறங்கியதும் நைஜல் காதலிக்கு ஃபோன் செய்தான்.

"ராக்னில், ஓஸ்லோ வந்துட்டேன்! ராத்திரி விருந்துல உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டுடறேன்."

"நான் சொன்ன மலிவு விமானத்துலதானே வந்தே?"

"நான் என்ன ஏமாளியா? தானமா வர்ற மாட்டைத்தான் முதல்ல பல்லைப் பிடிச்சுப் பாக்கணும். டிக்கெட்ல ஓஸ்லோன்னு போடுவான், ரெண்டு மணி நேரத் தூரத்துல மாடு மேயற வயல்ல இறக்கி விடுவான். அங்கேருந்து பஸ்ஸுக்குத் தனியா தண்டம் அழணும். நாலு மடங்கு கொடுத்து நிஜ ஓஸ்லோவுல இறங்கியிருக்கேன். உங்க வீட்டுக்கு எந்த டிராம்?"

"டிராம் இல்லை. ரெண்டு மணி நேரம் ரயில்."

"என்னது? நீ ஓஸ்லோக்காரின்னுதானே சொன்னே?"

"எங்க ஊர்ப் பேரைச் சொன்னா லண்டன்ல எவனுக்குத் தெரியும்? விமானக்காரன் மாதிரியே நானும் ஓஸ்லோன்னு சொல்லி வெச்சேன். அந்த விமானத்துலயே வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நைஜல் பெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்போ அந்த மாடு மேயற வயல்..?"

"எங்கப்பாவோடது. இங்கே உன்னை வரவேற்கக் கையில கொடியோட நின்னு, அந்த விமானத்துலேருந்து இறங்கற ஒவ்வொருத்தனையும் 'நீங்கதான் மாப்பிள்ளையா?'ன்னு கேட்டுக்கிட்டிருக்கார்."