ஒன்பது நிமிடம் பாக்கி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இனிமேல் நடக்கப்போகிற கதை ஒன்றை நடந்து முடிந்ததுபோலவே சொல்கிறேன்.

ஈரோட்டில் வீட்டுத் தரகு பார்க்கும் பூங்கோதை, உரிமத்துக்காக வீட்டிலிருந்தே தொலைநிலைப் பாடம் படித்தாள். மொத்தம் அறுபது மணி நேரம். பாடம் ஓடும்போது கணினியின் கேமரா கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கும்; திரையைவிட்டுப் பார்வை விலகினால் படித்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் அவள் படிக்கையில் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வருடத்துப் பாடத்தை முடிக்க அன்றுதான் கடைசி நாள்.

ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தபோது சமையலறையில் பானை விழுந்தது. கஞ்சி வடித்துக்கொண்டிருந்த கணவன் சென்னியப்பனிடமிருந்து சத்தமே இல்லை.

“ஏனுங்க, என்னாச்சுங்க?” கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, நீ படி.” குரல் நடுங்கியது.

திரையில் கேள்வி வந்தது: ‘வீட்டின் குறையை வாங்குபவரிடம் மறைக்கலாமா?’

‘கூடாது’ என்பதைத் தொட்டாள். தொட்ட கையோடு எழுந்து ஓடினாள்.

வெந்த கையை நீட்டிக்கொண்டு, துண்டைக் கடித்தபடி அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“கிறுக்கி, ஒம்பது நிமிசம் பொறுக்கக்கூடாதா? இனி அடுத்த வருசந்தான்!”

“நீங்க கத்தித் தொலைச்சிருக்கக்கூடாதா?” அவன் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி அழுதாள்.

உங்கள் வீட்டில் வலித்தவர் வாய்விட்டுக் கத்தட்டும், கேட்டவர் ஓடி வரட்டும். நன்றாக இருங்கள்.