மணி ஏறிய அன்று பிறந்தவன்

"ஒரே ஒரு வருஷம் கூட்டிச் சொல்றோம். அதுக்கு வானமா இடிஞ்சு விழப்போகுது?" என்றார் மாவு ஆலைக்காரர் ஹாமோ.

"பொய்ச் சத்தியம்யா. அதுவும் வேதப் புத்தகத்து மேல கை வச்சு!" கொல்லர் ஆஸ்பர்ட்டுக்கு உதறல்.

"அப்போ சும்மா கிட. அந்த ஃபுல்க் மிச்சமிருக்கிற ஓக் காட்டையும் வெட்டி வித்துடுவான். அப்புறம் ஓக் கொட்டை இல்லாம நம்ம பன்னிங்க எதைத் தின்னும், உன் சம்மட்டியையா?"



தகப்பனை இழந்த வாரிசுக்கு இருபத்தொரு வயது முடிந்தால்தான் பண்ணை கைக்கு வரும். அதுவரை காப்பாளர் வைத்ததுதான் சட்டம். இந்த ஊர்ப் பண்ணையின் வாரிசு இங்ராமுக்குக் காப்பாளர் அவனுடைய சித்தப்பா ஃபுல்க். வயதுக்கு அத்தாட்சி என்று தனியாக எதுவும் அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிடையாது. ஊர்க்காரர்கள் மன்னரின் அதிகாரி முன்னால் சத்தியம் செய்து, பிள்ளை பிறந்தது எப்படி நினைவிருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இங்ராமுக்கோ இருபதுதான் முடிந்திருந்தது.

தேவாலயத்தில் விசாரணை தொடங்கியது.

"அன்னிக்குத்தாங்க நான் குதிரையிலேர்ந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டேன்" என்றார் ஒருவர்.

"நானும் அன்னிக்குத்தாங்க" என்றார் அடுத்தவர்.

"உங்க ஊர்ல அன்னிக்கு ஒருத்தராவது ஒழுங்கா நடந்தாங்களா?" என்றார் அதிகாரி, முறைத்தபடி.

ஃபுல்க் வாயே திறக்கவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷன் இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா இவ்வளவு சாது இல்லையே, பெரியவரே. என்னமோ சரியில்லை" என்று இங்ராம் ஹாமோவின் காதைக் கடித்தான்.

ஃபுல்க் எழுந்தார். "கால் ஒடிஞ்ச கதையெல்லாம் எனக்கு வேண்டாம். ஊருக்கே தெரிஞ்ச அடையாளம் ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்."

ஹாமோ இதற்குத்தான் காத்திருந்தார். "இந்தக் கோயில் மணியை மேலே ஏத்தின அன்னிக்குத்தான் பிள்ளை பிறந்தது. மணிச் சத்தமும் அழுகைச் சத்தமும் ஒண்ணா கேட்டுது!"

"சந்தேகமே இல்லையே?"

"துளிகூட இல்லை, பிரபு."

மற்றவர்களும் ஆமாம் என்று கை தூக்கினார்கள். மணி ஏறி இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது என்று பாதிரியார் உறுதி சொன்னார். அதிகாரி எழுதி முடித்ததும் இங்ராமுக்கு உயிரே வந்தது. ஆஸ்பர்ட் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

"எனக்கும் சம்மதம்" என்றார் ஃபுல்க். "ஆமா ஹாமோ, அந்த மணியைக் குடுத்தது யாரு?"

"நல்லா கேட்டீங்க! உங்க அண்ணன்தான். பிரான்சுச் சண்டையில ஜெயிச்ச மணியாச்சே! அவர் கப்பலேறிப் போய் அப்பவே வருஷம் ஒண்ணுக்கு மேல ஆகியிருந்துது, எங்களையெல்லாம் மறந்துட்டார்னு நினைச்சோம். மணி முன்னாடி வந்துது, அவரு மறு மாசம் பின்னாடி..."

ஹாமோ பாதியில் நிறுத்தி, விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

ஃபுல்க் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இதையும் எழுதிக்குங்க ஐயா. பையனுக்கு வயசு வந்தாச்சு. ஆனா அவன் எங்க அண்ணனுக்குப் பிறந்தவன் இல்லை."