தேரிக்குப் போகிற ஜீப்பு

“முன்பக்கம் இன்னும் ஒசரணும் தம்பி. பம்பர் என் முழங்காலுக்கு மேல ஒரு சாண் நிக்கணும்.”

செல்லக்கனி சொன்னதைக் கேட்டு, ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த எஸ்றா மேஸ்திரி தலையை வெளியே நீட்டினான். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போன வருஷம் அது. தூத்துக்குடியில் ஏலத்தில் ஜீப்பு எடுத்த ஒரே பொம்பளை இவள்தான். அதற்கே ஊர் மூக்கின்மேல் விரல் வைத்திருந்தது.

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டு ஊர்களுக்கு அரிசியும் துணியும் கொண்டுபோய் விற்று, அங்கிருந்து கருப்பட்டி ஏற்றி வருவது அவள் வியாபாரம். போன ஐப்பசியில், இரும்பு வளையம் போட்ட வண்டிச் சக்கரம் செம்மணலில் புதைந்து நின்ற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வண்டிக் கருப்பட்டியும் கண்ணெதிரே பாகாய் ஓடியது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால்தான் மணலில் புதையாத ரப்பர் டயர் வண்டி வாங்கினாள்.

வாங்கி என்ன செய்ய? பெட்ரோல் ரேஷனில் அல்லவா இருந்தது! கூப்பன் கேட்டுப் போனவளை ஆபீசர் ஏற இறங்கப் பார்த்தார்.

“பொம்பளைக்கு எதுக்கு மோட்டார்? பெட்ரோல் இல்லாம அது எப்படி ஓடுதுன்னு நானும் பாக்கிறேன்.”

குமாஸ்தாக்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். செல்லக்கனி அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “திங்கக்கெழம சரக்கேத்திக்கிட்டு ஒம்ம ஆபீசு வாசல் வழியாத்தான் போவேன். நல்லாப் பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டாள்.

எங்கேயோ கள்ளப் பெட்ரோலுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள் என்று ஊரே முடிவு கட்டியது. எஸ்றாவும் அப்படித்தான் நினைத்தான். பிடிபட்டால் ஜீப்பும் போகும், அவளும் கம்பி எண்ணுவாள். வண்டியைத் தயார் செய்து கொடுத்தவன் என்று அவனையும் சேர்த்து இழுப்பார்கள்.

“யக்கா, ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூடச் சேத்துத் தாரேன். ரெண்டு வெரக்கட ஒசரும்” என்றான்.

“காணாது.”

“ஸ்பிரிங்கைத் தொங்கவிடுற ஷாக்கிளை நீளமா அடிச்சுப் போடுதேன். இன்னும் ஒரு வெரக்கட கெடைக்கும்.”

“அதுவும் காணாது. வேற வழியே கெடையாதா?”

வழி இருந்தது. அச்சுக்குக் கீழே கிடக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி அச்சுக்கு மேலே ஏற்றிவிட்டால் வண்டி ஒரேயடியாக எழும்பி நிற்கும். பர்மாப் பக்கம் பட்டாளத்துக்காரன் ஒருவன் அப்படிச் செய்துவிட்டு, முதல் வளைவிலேயே குட்டிக்கரணம் அடித்ததை எஸ்றா கண்ணால் பார்த்திருக்கிறான்.

“அது ஆபத்து யக்கா. வேகமாப் போனா ஸ்டியரிங் ஒதறும். வளைவுல வண்டி கவுந்துரும்.”

“வேகமாப் போனாத்தான?”

“ஆமா.”

“அப்ப அதையே வையி. பின்னால ஒசரம் வேண்டாம், மூடை தூக்கி ஏத்தணும்லா. அங்கன மட்டும் ரெண்டு பட்டை கூடப் போடு, பாரம் தாங்கட்டும்.”

எஸ்றாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “போலீசு வெரட்டுனா வேகமா ஓட்டாம என்ன செய்வீங்க? சாவணும்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

“வெரட்டுனா வெரட்டட்டும் தம்பி. நான் மெதுவாத்தான் போவேன்.”

இந்தத் திமிர் எதில் கொண்டுபோய் விடுமோ என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் ஸ்பானரை எடுத்தான். சனிக்கிழமை மாலை, டாங்கின் அடியில் கிடந்த கடைசிச் சொட்டுப் பெட்ரோலில் உருட்டிக்கொண்டு அவள் வீடு போய்ச் சேர்ந்தாள். மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜீப்பைப் பார்த்துத் தெருவே கேலி செய்தது.

திங்கட்கிழமை காலை எஸ்றாவுக்குப் பட்டறையில் கை ஓடவில்லை. மனசு கேட்காமல் கூப்பன் ஆபீசுக்கு எதிரே இருந்த அவளுடைய சரக்குக் கிட்டங்கிக்கே போய்விட்டான். வாசலில் ஜீப்பு நின்றது. பின்னால் அரிசி மூடைகளும் துணிச் சிப்பங்களும் ஏற்றிக் கயிறு போட்டிருந்தது. வேடிக்கை பார்க்கக் கடைத்தெருவே திரண்டிருந்தது.

ஆபீசர் சும்மா இருப்பாரா? இரண்டு போலீஸ்காரர்களோடு இறங்கி வந்தார். டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார்கள். குச்சி காய்ந்தபடியே வந்தது.

“வேற எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா. பானட்டைத் தூக்கு!” என்றார் ஆபீசர்.

தூக்கினார்கள். எஸ்றாவுக்கே திக்கென்றது. உள்ளே இஞ்சின் இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

“இஞ்சின் எங்க?”

“வீட்டுல எறக்கி வச்சிருக்கேன். வெட்டிப் பாரம் என்னத்துக்கு?”

ஆபீசர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “பெட்ரோலும் இல்ல, இஞ்சினும் இல்ல. இனி இது எப்படி ஓடும்?”

செல்லக்கனி சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்துச் சந்தைப் பார்த்து, ஆபீசரின் காதில் நன்றாக விழும்படி குரல் கொடுத்தாள்.

“ஏலே பிச்சையா, பம்பரு ஒசரம் சரியாத்தான் இருக்கு, காளையளக் கொண்டாந்து பூட்டுலே!”