எழுப்ப வேண்டாம்

“ஷ்ஷ்... வீட்டுக்காரம்மா உள்ள தூங்கறாங்க. சத்தம் வேணாம்,” என்றான் கதவைத் திறந்தவன்.

லேப்டாப் மெக்கானிக் அக்கா பெல்லில் வைத்த விரலை எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியைத் ‘தூங்கறாங்க’ என்று சொல்லும் ஆண்பிள்ளையை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

நேற்று கடைக்குப் போன் செய்தது அந்த வீட்டுக்காரம்மாதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ், கலகலவென்று பேசுகிற பெண். “லேப்டாப்பை மூடி வெச்சுட்டுத் திரும்பத் திறந்தா வைஃபை வரவே மாட்டேங்குதுக்கா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் வருது. நைட் டியூட்டி முடிச்சுட்டு வீட்லதான் இருப்பேன், வாங்க” என்று சொல்லி, பாஸ்வேர்டையும் அப்போதே கொடுத்துவிட்டாள்.

லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

“மோடம் எங்க இருக்கு சார்?”

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அலமாரியைத் திறந்தான், டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கடைசியில் ஜன்னலுக்கு மேலே பச்சை விளக்கு மினுக்குவதை அக்காதான் கண்டுபிடித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டுக்காரரும் இதே ரகம்தான், சொந்த வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. லேப்டாப் தூங்கும்போது, பேட்டரியை மிச்சம்பிடிக்கிறேன் என்று வைஃபை கார்டையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். பிறகு லேப்டாப் எழுந்துவிடும், கார்டு மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும். செட்டிங்ஸில் அதற்கென்று இருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய், படுக்கையறைக் கதவை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தான். காலடியில் ஒரு பெரிய பை, ஜிப் தெறித்துவிடும்போல் பிதுங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடியும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“ஊருக்குக் கிளம்பறீங்களா சார்?”

“ஆமா.”

“மேடமும் வராங்களா?”

“இல்ல. அவங்க எங்கயும் வரமாட்டாங்க.”

சொன்ன விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே,” என்று மெல்லப் போட்டுப் பார்த்தாள்.

“எழுப்ப வேண்டாம். வேலையைப் பாருங்க.”

அக்கா தன் போனை மேஜைக்கு அடியில் வைத்து, நர்ஸின் நம்பரை அழுத்தினாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

விர்ர்ரென்று அதிர்ந்தது அவனுடைய பேன்ட் பாக்கெட்.

அவன் அவசரமாகக் கையை விட்டு அதை அடக்கினான். பெண்டாட்டி போன் இவன் பாக்கெட்டில். பெண்டாட்டி கதவுக்குப் பின்னால். நேற்று அத்தனை பேச்சுப் பேசின பெண்ணை இவன் என்ன செய்து வைத்திருக்கிறான்?

“முடிஞ்சுதா, இல்லையா?”

டிக்கை எடுத்தாயிற்று. டூல் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடிவிடலாம், வாசல் பக்கத்தில்தான். ஆனால் உள்ளே அவள் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தால்? அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

“தூங்க வெச்சு எழுப்பிப் பார்க்கணும் சார். பார்க்காம போக முடியாது.”

“எழுப்ப வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?” பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“லேப்டாப்பைச் சொன்னேன் சார்.”

லேப்டாப்பை மூடினாள். காத்திருந்தாள். அவன் வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

திறந்தாள். வைஃபை சமர்த்தாக வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குச் சந்தோஷப்பட நேரமில்லை. கைக்குக் கிடைத்த ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினாள். வீடே அதிர்ந்தது.

“ஏய், நிறுத்து!” என்று அவன் பாய்ந்தான். அக்கா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “மேடம்! மேடம்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கலைந்த தலையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முழு உயிரோடு வந்து நின்றாள் நர்ஸ்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. பெண்டாட்டி அசந்து தூங்கட்டும் என்று அவள் போனைக்கூட வாங்கி வைத்துக்கொண்ட மனுஷனை, மனசுக்குள் கொலைகாரனாக்கித் தூக்கிலேயே போட்டுவிட்டாளே!

பாட்டை நிறுத்தினாள். “தப்பா நினைச்சுக்காதீங்க சார்,” என்றாள். அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

“மெக்கானிக் அக்காவா? தனியாத்தானே வரேன்னீங்க, கூட வந்திருக்கிற இவர் யாரு?”