நாலாம் நம்பர் மெத்தை

"நாலாம் நம்பருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

டிசைனர் இதைச் சொல்வது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. மேனேஜர் முகம் கடுகடுத்தது.

ஓடுகிறவர்களின் குதிகாலுக்கு அடிபடாமல் இருக்க ஷூவுக்குள் செருகும் மெத்தை அது. 3டி பிரின்டரில் சல்லடை மாதிரி அச்சாகி வரும். நாலாம் நம்பர் மேனேஜரின் யோசனை. நாற்பது நிமிஷத்தில் தயார். ஒன்பதாம் நம்பர் டிசைனர் தன் இஷ்டத்துக்கு வரைந்தது. இரண்டு மணி நேரம் இழுக்கும். அடுத்த மாத மாரத்தானுக்கு ஆயிரம் ஜோடி போயாக வேண்டும். மேனேஜர் ஒன்பதை ஓரங்கட்டிவிட்டார்.

தன் சரக்கு விலை போகாத வயிற்றெரிச்சல் என்று ஆபீஸே அவளைப் பேசியது.

"முப்பது கிலோமீட்டர்ல இது அமுங்கிடும் சார். அப்புறம் ஒவ்வொரு அடியும் நேரா எலும்புல இறங்கும்."

"டெஸ்ட் மெஷின் பாஸ் பண்ணிடுச்சே?"

"மெஷினுக்கு வலிக்காது."

அவ்வளவுதான். மேனேஜர் எல்லோரையும் சோதனைக்கூடத்துக்கு வரச் சொன்னார். அங்கே அலமாரியில் இருக்கும் தன் ஷூவை எடுத்து மேஜை மேல் வைத்தார். தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறவர் அவர்.

"நாலாம் நம்பரைப் போட்டுக்கிட்டு நானே ஒரு மாசம் ஓடியிருக்கேன். இருநூறு கிலோமீட்டர். முதல் வாரம் வலிச்சுது, அப்புறம் பழகிடுச்சு. இப்ப குதிகால் இருக்கறதே தெரியல. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா ராஜினாமா எழுதிக் குடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். வீம்பு பிடித்து வேலையைத் தொலைக்கப் போகிறாள் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்.

அவள் அசரவில்லை.

"இந்த ஷூவுக்குள்ள இருக்கற மெத்தைதான் மாரத்தானுக்குப் போகணும். அப்படித்தானே சார்?"

"சந்தேகமே வேண்டாம். இதேதான்."

அவள் ஷூவுக்குள் கைவிட்டு மெத்தையை உருவினாள். திருப்பி மேஜை மேல் வைத்தாள். எல்லா மெத்தைக்கும் அடியில் அதன் நம்பர் அச்சாகியிருக்கும்.

இதில் இருந்தது ஒன்பது.

மேனேஜர் மெத்தையைக் கையில் எடுத்து நம்பரை இன்னொரு தடவை பார்த்தார். "யார் மாத்தினது?"

"நான்தான். முதல் வாரமே நீங்க நொண்டினதைப் பார்த்தேன். நிறுத்துங்கன்னு சொன்னா கேட்டிருக்க மாட்டீங்க" என்றபடி பேனாவைத் திறந்தாள். "எனக்குச் சண்டை உங்களோடதான் சார். உங்க குதிகாலோட இல்லை."