இருசம்மாளின் ஆயுசு

"மாமா, இருசம்மா பூடுச்சு. எவ்ளோ பாத்தும் தேறல" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான் மச்சான் முத்துராஜ்.

மீஞ்சூர் கம்பெனியில் வேலையாக இருந்த தேவேந்திரனுக்குக் கண்ணுக்குள் மாமியார் இருசம்மாளின் முகம் வந்து நின்றது. பெண்டாட்டியிடம் சொல்லக்கூடத் துணியாமல், பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினான்.

வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா மாப்ள, மாலையும் கையுமா?"

தேவேந்திரன் மாலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "முத்துராஜ்தான்... இருசம்மா பூடுச்சுன்னு..."

"எம்புள்ள என்னிக்கு என்னியப் பேர் சொல்லிக் கூப்ட்டான்?" என்றபடி கரையைக் காட்டினாள். அங்கே ஒரு ஃபைபர் படகு அடி பிளந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் 'இருசம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"எம்பேர வெச்சா ரொம்ப நாள் உழைக்கும்னு ஆசையா வெச்சான். ஆறே வருசம், மண்ணுத் திட்டுல மோதிப் புட்டுகிச்சு. நான் எழுபது தாண்டியும் நண்டு கழுவறேன்."

தேவேந்திரன் மெதுவாக மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"புதுப் படகுக்கு உங்க பேர வெக்கச் சொல்றேன் மாப்ள" என்றாள் இருசம்மாள். "அது பூடுச்சுன்னு சேதி வந்தா, மாலை என் செலவு."